எதைச் சார்ந்து?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி எடுத்து, கூடத்தில் பாய் விரித்துச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "ராத்திரி நேரத்துல அங்க யாரு துணி துவைச்சது?" என்று கேட்டார். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது. அண்ணி காலி காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. ஒரு டம்ளர் சாய்ந்து, அடியில் மிச்சமிருந்த காபி தட்டில் ஓடி விளிம்பில் தேங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எங்கள் தெருவுக்கு விடியற்காலை நாலரை மணிக்குக் குழாய்த் தண்ணீர் வரும். அப்பா முப்பது வருடமாக அலாரம் வைக்காமலே அந்த நேரத்துக்கு எழுந்து, கொல்லைப்புறச் சார்ப்புக்குப் போய் மோட்டார் போடுவார். வேறு யாரையும் போட விடமாட்டார். அன்றைக்கும் போனார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் காயாமல் கிடந்தது. சார்ப்பில் விளக்கு எரியவில்லை. வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் படுத்தபடியே இருந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டி, அது நிமோனியாவாகி, விழுந்த 19-ஆம் நாள் போய்விட்டார். 74 வயது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. தீபாவளிக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். அவர் பரிமாறும்போது இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். போன் செய்தால் அண்ணனிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். உறவினர்களில் சிலர் "அவர் விதி அவ்வளவுதான்" என்று ஆறிப்போனார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அத்தை கேட்ட அந்த "யாரு" எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

வேடிக்கை பார்க்கிறவனாக இல்லாமல், கொஞ்சம் ஈடுபாட்டோடு பௌத்த நூல்களை வாசிப்பது எனக்கு அதற்கு முன்பே வழக்கம். பாலியில் படிச்சசமுப்பாதம், சமஸ்கிருதத்தில் பிரதீத்யசமுத்பாதம். தமிழில் சார்பில் தோற்றம் என்று சொல்லலாம். இது இருக்க அது ஆகிறது, இது தோன்ற அது தோன்றுகிறது. இது இல்லாதபோது அது இல்லை, இது ஒழிய அது ஒழிகிறது. இந்த நாலு வரியையும், துன்பம் உண்டாகும் தொடரின் பன்னிரண்டு கண்ணிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரும் அப்படித்தான் நினைத்தார். குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊரில் அவர் புத்தரிடம் போய், இது மிக ஆழமானது என்கிறார்கள், எனக்கோ தெள்ளத்தெளிவாகத் தெரிகிறதே என்கிறார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா என்று புத்தர் உடனே தடுக்கிறார். இதை உணராததால்தான் மக்கள் சிக்குண்ட நூல்போல, முடிச்சு விழுந்த உருண்டைபோல, பின்னிக் கிடக்கும் புல்போல ஆகிவிட்டார்கள் என்கிறார். மகாநிதான சுத்தத்தின் தொடக்கம் இது. சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை, சமஸ்கிருதத்தில் சூத்திரம். பலமுறை படித்த பகுதி. அந்த நூல் உருண்டை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

யார் என்று கேட்ட பிக்கு

சங்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் நிதானங்களுக்கென்றே, அதாவது காரணங்களுக்கென்றே, ஒரு தொகுதி இருக்கிறது. அதில் பன்னிரண்டாவது சுத்தம் மிகச் சிறியது. ஒருநாள் இரவு, தூக்கம் பிடிக்காமல், அதை எடுத்து வைத்துக்கொண்டேன். சாவத்தியில் புத்தர் பிக்குகளிடம் நான்கு வகை உணவு பற்றிச் சொல்கிறார்: வாயால் உண்ணும் உணவு, புலன் தொடும் தொடுகை, மனத்தின் எண்ணம், உணர்வு. உயிர்கள் இந்த நான்கினால் நிலைக்கின்றன. மோலியபக்குணர் என்ற பிக்கு உடனே கேட்கிறார்: உணர்வு என்ற உணவை உண்பது யார்?

நோ கல்லோ பஞ்ஹோ என்கிறார் புத்தர். தகுந்த கேள்வி அல்ல. "ஒருவர் உண்கிறார்" என்று நான் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் அல்லவா யார் என்று கேட்கலாம். இந்த உணவு எதற்கு ஆதாரமாகிறது என்று கேள், அதற்குப் பதில் உண்டு என்கிறார். பக்குணர் விடவில்லை. சரி, தொடுவது யார்? தகுந்த கேள்வி அல்ல. எதைச் சார்ந்து தொடுகை உண்டாகிறது என்று கேள். நுகர்வது யார்? எதைச் சார்ந்து நுகர்ச்சி உண்டாகிறது என்று கேள். வேட்கை கொள்வது யார்? பற்றிக்கொள்வது யார்? ஒவ்வொரு முறையும் புத்தர் கேள்வியின் முதல் சொல்லை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைக்கிறார். யார் போய், எதைச் சார்ந்து வருகிறது.

இந்தப் பக்குணரைப் பற்றி வேறு சுத்தங்களிலும் சில வரிகள் உண்டு. பிக்குணிகளோடு அதிகம் பழகியவர். அவர்களை யாராவது குறை சொன்னால் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், வழக்காடுவார். பிற்பாடு சீவரத்தைக் களைந்துவிட்டு இல்லறத்துக்குத் திரும்பிவிட்டார் என்றும் ஒரு சுத்தத்தில் செய்தி வருகிறது. இவையெல்லாம் சேர்ந்து எனக்கு அவரை மிகவும் நெருக்கமாக்கிவிட்டன. "யார்" என்று அவர் கேட்டது தத்துவ ஐயமாக மட்டும் இருந்திருக்காது. எப்போதும் ஒரு தரப்பில் நின்று கோபப்பட்டுப் பழகிய மனத்துக்குக் கேள்வி என்றாலே யார் என்றுதான் தொடங்கும் போல. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா விழுந்தது எதைச் சார்ந்து? இந்தக் கேள்வியை அதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கேட்டுப் பார்த்தேன். ஈரத் தரை. இருட்டு. இரவில் போடும் ரத்த அழுத்த மாத்திரை, அதனால் எழுந்ததும் வரும் கிறுகிறுப்பு. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. நாலரை மணிக்கு வரும் தண்ணீர். வேறு யாரையும் மோட்டார் போட விடாத முப்பது வருடப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால், தண்ணீருக்கு அலைந்த அவருடைய இளமைக்காலம். ஒன்றை எடுத்தால் இன்னொன்று கூடவே வருகிறது. எதுவும் தனியாக நிற்கவில்லை. புத்தரின் சீடர்களான சாரிபுத்தரும் மகாகொட்டிதரும் இசிபதனத்தில் பேசிக்கொள்ளும் சுத்தம் ஒன்றில் இரண்டு நாணல் கட்டுகள் வரும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், ஒன்றை உருவினால் மற்றது விழும். சார்பு என்ற சொல்லே அந்தச் சாய்மானம்தான். வீட்டுச் சுவரில் சாய்த்து இறக்கிய கூரைக்கு எங்கள் பக்கம் சார்ப்பு என்றே பெயர். அப்பா விழுந்த இடத்தின் பெயரே அது என்பது அந்த இரவில்தான் மனதில் உறைத்தது.

தமிழில் இந்தப் பன்னிரண்டுக்கும் பெயர் வைத்த ஆள் யாரோ, சொற்களின் உள்ளே போய் வந்திருக்கிறார். மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் அவை வரிசையாக வருகின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்கள்), ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பவம் தவிர எல்லாமே நம் வாயில் புழங்கும் சொற்கள். ஊறு என்றால் தொடுகை, காயமும் ஊறுதான். பற்று இன்னும் அழகு. பாலியில் அதற்கு உபாதானம் என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பிடித்துக்கொள்வது, எரிபொருள் என்று இரண்டு பொருளும் உண்டு. பத்து வண்டி, இருபது வண்டி, நாற்பது வண்டி விறகு போட்டு எரியும் தீயைக் காட்டி, விறகு போடப்போட அது எரிந்துகொண்டே இருக்கும் என்று ஒரு சுத்தம் விளக்குகிறது. வேறொரு மொழியில் இதைச் சொல்ல அடிக்குறிப்பு வேண்டும். தமிழில் தீயும் பற்றும், மனமும் பற்றும்.

அம்பு தைத்த கண்

திபெத்திய மடங்களின் வாசலில் வாழ்க்கைச் சக்கரம் தீட்டியிருப்பார்கள். அஜந்தாவின் 17-ஆம் குகைத் தாழ்வாரத்திலும் அப்படியொன்று சிதைந்த நிலையில் இருக்கிறது. திபெத்தியச் சக்கரத்தின் வெளிவட்டத்தில் பன்னிரண்டு சிறு படங்கள் உண்டு. பேதைமைக்குக் கோலூன்றி நடக்கும் குருடர். செய்கைக்குப் பானை வனையும் குயவர். உணர்வுக்குக் குரங்கு. அருவுருவுக்குப் படகில் இரண்டு பேர். வாயிலுக்கு ஜன்னல்கள் உள்ள காலி வீடு. ஊறுக்குத் தழுவும் இருவர். நுகர்ச்சிக்கு, கண்ணில் அம்பு தைத்த ஒரு மனிதர். அடுத்த படத்தில் வேட்கைக்கு ஒருவர் எதையோ குடித்துக்கொண்டிருப்பார். அம்புக்கும் குவளைக்கும் நடுவே ஒரு கோடுதான் இருக்கும். முன்பெல்லாம் இந்தப் படங்களில் நான் அதிகம் பார்த்தது குரங்கைத்தான். இப்போது அந்தக் கண்ணை விட்டு நகர முடியவில்லை.

பதினாறாம் நாள் கூடத்துக்கு அந்தக் கண்ணோடு திரும்பிப் போனேன். அத்தையின் சொல் காதில் விழுகிறது, ஊறு. நெஞ்சுக்குக் கீழே சூடாக ஒன்று இறங்குகிறது, நுகர்ச்சி. அந்தச் சூடு தாங்க முடியாதது. அதை யார் மேலாவது இறக்கி வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு வருகிறது; வேட்கை. கண் போய் அண்ணியிடம் நிற்கிறது, பிடித்துக்கொள்கிறது, பற்று. பிறகு ஒரு ஆள் பிறக்கிறான். அப்பாவை அநியாயமாகப் பறிகொடுத்த பிள்ளை. அவனுக்கென்று ஒரு நடை, ஒரு மௌனம், இலையைப் பார்த்துச் சாப்பிடும் ஒரு பழக்கம் எல்லாம் இருந்தன. இரண்டு வருடம் அவன் உயிரோடு இருந்தான். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய உரையாசிரியர் புத்தகோசர் இந்தப் பன்னிரண்டையும் மூன்று பிறவிகளுக்குப் பகிர்ந்து விளக்கினார். தாய்லாந்தின் பிக்கு புத்ததாசர் அதை ஏற்கவில்லை. "நான்" என்று மனத்தில் ஒன்று முளைக்கும்போதெல்லாம் பிறப்பு நடக்கிறது, முழுச் சுற்றும் ஒரு நொடியில் ஓடி முடியும் என்றார். எந்த விளக்கம் மூலத்துக்கு நெருக்கம் என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். என் அனுபவத்துக்குப் புத்ததாசர்தான் துணை நின்றார். அந்தக் கூடத்தில் பிறந்தவனை நான் பார்த்துவிட்டேன்.

அவன் எதைச் சார்ந்து பிறந்தான் என்று கேட்டபோதுதான் கடைசி முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அப்பா விழுவதற்குப் பத்து நாள் முன்பு எனக்குப் போன் செய்திருந்தார். "டேய், கொல்லை லைட்டு எரியலைடா. பல்ப மாத்திப் பாத்தேன், ஹோல்டர்ல என்னமோ கோளாறு." அண்ணன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்த சமயம் அது. "அடுத்த வாரம் வரும்போது பாக்கறேன்பா" என்றேன். அடுத்த வாரம் போகவில்லை. இந்தப் போனைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனையில் சொல்லவில்லை, காரியத்தன்று சொல்லவில்லை. அத்தை "யாரு" என்று கேட்ட கணத்தில் என் வயிற்றில் இறங்கிய சூடு துக்கம் மட்டும் இல்லை. பயமும்தான். எல்லோரும் அண்ணியைப் பார்த்தபோது அந்தப் பயம் சட்டென்று தணிந்தது. அந்தத் தணிவின் சுகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைத்தான் இரண்டு வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு நினைவுக்கு வந்ததும் மனம் என்ன செய்தது தெரியுமா? அடுத்த "யாரை" உடனே எடுத்து நீட்டியது: நீதான். சில நாட்கள் அந்த விறகில் எரிந்தேன். அதுவும் அதே தீதான் என்று தெரிய நேரம் பிடித்தது.

அப்படியானால் பொறுப்பு?

இதை நெருங்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நேராகக் கேட்டார்: இப்படி எல்லாவற்றையும் சார்பு, சார்பு என்று கரைத்துவிட்டால் தப்பு செய்தவன் தப்பித்துக்கொள்ள மாட்டானா? நியாயமான கேள்வி. ராஜகிருகத்தில் புத்தர் பிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தபோது காசியப்பர் என்ற அம்மணத் துறவி வழிமறித்துக் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். வீடுகளுக்குள் நுழைந்துவிட்டோம், இது நேரம் இல்லை என்று புத்தர் சொல்லியும் அவர் விடவில்லை. துன்பம் தன்னால் செய்யப்பட்டதா? இல்லை. பிறரால் செய்யப்பட்டதா? இல்லை. இருவராலுமா? இல்லை. யாராலும் இல்லாமல் தற்செயலாக வந்ததா? இல்லை. அப்படியானால் துன்பமே இல்லையா? இருக்கிறது. உமக்குத் துன்பம் தெரியாதா? தெரியும், காண்கிறேன். நான்கு கதவையும் சாத்திவிட்டு, துன்பத்தை மட்டும் இல்லை என்று சொல்லாமல், நடுவில் அந்தச் சார்புத் தொடரை வைக்கிறார்.

விதி என்று ஆறிப்போவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. முயற்சிக்குப் பயனில்லை, எல்லாம் நியதி என்ற மற்கலி கோசாலரின் கொள்கையை மனித முடியால் நெய்த கம்பளிக்கு ஒப்பிட்டார். குளிரில் குளிரும், வெயிலில் சுடும், தொட்டால் உறுத்தும், நாறும். கோசாலர் வழிவந்த ஆசீவகர்களுக்கு நம் மண்ணில் பெரிய வரலாறு உண்டு. அவர்கள் தரப்பை எதிராளியின் உவமையை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாவு வீட்டில் "விதி" என்ற சொல் உடம்பில் படும்போது அந்தக் கம்பளியின் உறுத்தல் சரியாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டில் செய்கை இருக்கிறது. நினைத்துச் செய்வதைத்தான் வினை என்கிறேன் என்று புத்தர் சொல்கிறார். அந்த வகையில் என் கணக்கில் இருப்பது இரண்டு. விளக்கைத் தள்ளிப்போட்டது ஒன்று. அதில் அப்பாவுக்குத் தீங்கு நினைத்த எண்ணம் இல்லை, அசட்டை இருந்தது. ஒரு மனுஷியைப் பார்வையாலும் மௌனத்தாலும் இரண்டு வருடம் தண்டித்தது இன்னொன்று. அதில் எண்ணம் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைப் புதுப்பித்தேன். நண்பரின் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்: சார்பைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்குப் பொறுப்பு குறையவில்லை, இடம் மாறியது.

சாலிஸ்தம்ப சூத்திரம் என்று ஒன்று உண்டு. சாலி என்றால் நெல்தான், நம் பழைய பாட்டுகளில் வரும் அதே சாலி. நெற்பயிரைக் காட்டியே முழுச் சார்பையும் விளக்கும் சூத்திரம். விதை, "நான் முளையை உண்டாக்குகிறேன்" என்று நினைப்பதில்லை. முளையும் "விதை என்னை உண்டாக்கியது" என்று நினைப்பதில்லை. நிலம் தாங்குகிறது, நீர் நனைக்கிறது, வெப்பம் பக்குவப்படுத்துகிறது, பருவம் கூடுகிறது. இத்தனையும் கூடும்போது முளை வருகிறது. யாரும் உரிமை கொண்டாடவில்லை. வயல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குள் நடந்த ஒரு சாவை இப்படிப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் தேவைப்பட்டது.

போன மாசியில் ஊருக்குப் போனேன். அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அண்ணி கொல்லைப்புறத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். முதலில் விளக்கைப் பற்றிச் சொன்னேன். அப்பா போன் செய்தது, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதது, அதை மறைத்தது எல்லாம். அவர் மிளகாயைப் பரப்பிக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை. அப்புறம், "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு அண்ணி?" என்று கேட்டேன். யார் துவைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என்ன நடந்தது என்று இந்த இரண்டு வருடத்தில் அவரை ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை.

"சின்னவனுக்குக் காச்சல் தம்பி. நூத்திரண்டு. ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். போர்வை, தலகாணி உறை எல்லாம். அப்படியே போட்டா நாறுமேன்னு பன்னெண்டு மணிக்குக் கசக்கிப் போட்டேன். மோட்டார் போட மாமா வருவாங்கன்னு தெரியும். காலையில கழுவி விட்டுடலாம், நாலு மணிக்கு எந்திரிச்சுடுவோம்னு நெனச்சேன். அவன் கண்ண மூடவே மூணு ஆயிடுச்சு." கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தார். "தண்ணி ரொம்பி வழியிற சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். மாமா கூப்புட்டிருக்காங்க. மோட்டார் சத்தத்துல எனக்குக் கேக்கல. ஓடி வந்து பாத்தா, கல்லைப் பிடிச்சுக்கிட்டு ஒருக்களிச்சுக் கெடக்காங்க. என்னைப் பாத்ததும், மோட்டார நிறுத்தும்மா, தண்ணி வீணாப் போவுதுன்னாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் போயி அதை நிறுத்திட்டு வந்துதான் தம்பி அவங்களத் தொட்டேன்."